மலையில்லாத ஊரில் ஒரு தனிநடை

அன்புள்ள சார்,

போன ஐப்பசியில் பிரான்மலை கிராமத்திலிருந்து தனியாக மலையேறி இறங்கியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. நான் இருப்பது திருப்பாலைக்குடி பக்கம் ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடத்தில் வேலை. இங்கே ஏறுவதற்கு என்ன இருக்கிறது? ராமேஸ்வரம் கந்தமாதன பர்வதம் போயிருக்கிறேன், படியில் கால் வைத்ததுமே மலை முடிந்துவிட்டது. வெளியூர் மலைக்குத் தனியாகப் போகிறேன் என்றால் அம்மா விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையோரமாகவே நடந்தால் மலைநடை மாதிரி இருக்குமா?

— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மாவட்டத்தில் மலை இல்லாமல் போனது 1985இல்தான். அதுவரை பிரான்மலையும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளும் ராமநாதபுரம் மாவட்டக் கணக்கில்தான் இருந்தன. பாகப்பிரிவினையில் மலைகளைச் சிவகங்கையும் விருதுநகரும் கொண்டுபோய்விட்டன, உங்களுக்குக் கடல் வந்தது. மோசமான பங்கு இல்லை.

கந்தமாதனம் மணல்மேடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் அது. கோயிலிலிருந்து ஆட்டோவில் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாட்சி அனுமார் கோயில் வழியாக நடந்து போய் மேல்தளத்தில் நின்று பாருங்கள், இத்தனை வசை தேவையில்லை என்று தோன்றும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மலைநடை மாதிரி இருக்காது. பிரான்மலையில் அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. தர்கா வந்ததும் ஏற்றம் முடிந்தது, தண்ணீர் குடித்துவிட்டு இறங்கவேண்டியதுதான். எங்கே திரும்புவது என்று யோசிக்கும் வேலையே இல்லை. கரையில் அந்த வேலை முழுக்க உங்களுடையது. அந்தப் படகு வரைக்கும், அந்தப் பனைக்கூட்டம் வரைக்கும் என்று கால் போய்க்கொண்டே இருக்கும். வந்த தூரம் திரும்பும்போதுதான் தெரியும். அதுவும் ஐப்பசியில் வாடை அடிக்கும். முதுகில் வாடை பட தெற்கே தேவிபட்டினம் நோக்கிப் போவது சுகம். அதே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது வேறு கதை. அதனால் காலையில் வடக்கே உப்பூர்ப் பக்கம் எதிர்காற்றில் போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள். இல்லையா, தேவிபட்டினம் வரை நடந்துவிட்டு பஸ்ஸில் வந்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்திலேயே வருகிறது, நடுவழியில் வேண்டாமென்று தோன்றினாலும் பஸ் பிடிக்கலாம். எந்த மலையிலும் இந்த வசதி கிடையாது!

உங்கள் பக்கம் பாதை அழகாக இருக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். சேறு, கரையொதுங்கிக் கிடக்கும் கடற்புல், அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு ஓடைகள் கடலில் சேரும் இடத்தை நடந்து கடக்க வேண்டாம். ரோட்டுக்கு ஏறிப் பாலத்தில் போங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வாடைக்கு உங்கள் வடகடல், அதாவது பாக் விரிகுடா, கலங்கிக் கிடக்கும் அதே வாரங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக் காலத்தில் அப்படியே தலைகீழ். மணலில் நடக்கத்தான் ஆசை என்றால் அடுத்த முறை தென்கடல் கரையில் வாலிநோக்கம் பக்கம் போங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது மின்னலுக்கு. ஐப்பசியில் பிற்பகலில் கருக்கிக்கொண்டு வந்தால் அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்களும் பனைமரமும்தான். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். இடி காதில் விழுந்தாலே நடையை நிறுத்திவிட்டு கான்கிரீட் கட்டடம் எதற்குள்ளாவது போய்விடுங்கள். விடியற்காலையில் கிளம்பினால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது.

அப்புறம், தனிமை. மலையில் அது தானாகக் கிடைக்கும். உங்கள் கரையில் வலை பின்னுகிறவர், கருவாடு காயவைக்கிற அக்கா என்று ஒருவர் விடாமல் "எங்க போறீங்க?" என்பார்கள். "சும்மா நடக்கிறேன்" என்ற பதிலை யாரும் நம்பப்போவதில்லை. ஏர்வாடிக்கும் ஓரியூருக்கும் ராமேஸ்வரத்துக்கும் வேண்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்த ஊர்கள் அவை. நேர்த்திக்கடனா என்று கேட்பார்கள். இலங்கை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் கடலோரக் காவல்துறையினரும் விசாரிக்கலாம், ஆதார் அட்டையைப் பையில் வைத்திருங்கள். முதலில் எனக்கு இந்த விசாரிப்பெல்லாம் எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படியில்லை. தனியாகப் போகும் பெண்ணை வழியெல்லாம் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள் என்பது ஒரு காவல்தான். பேச்சுக்கு நின்றுவிடாமல் பதில் சொல்லிக்கொண்டே நடக்கப் பழகிவிட்டால் போதும்.

அம்மாவிடம் எந்த ஊரில் பஸ் ஏறுவீர்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்பே போன் செய்துவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான அனுமதி அந்த போனில்தான் இருக்கிறது.