நரம்பு ஒரு கம்பி அல்ல

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கொட்டாஞ்சேனையில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்றால், கால்விரலிலிருந்து முதுகுக்கு வருவதற்குள் அது குறைந்து போகாதா? மெதுவாகத் தொட்டால் சிறிய கணத்தாக்கமும் (நரம்பு வழியே போகும் மின் துடிப்பு), பலமாக அடிபட்டால் பெரியதும் போகுமா? வகுப்பில் கேட்டேன். சோதனைக்கு வராது என்றார்கள்.

மாணவி ஒருவர்

அன்புள்ள மகளுக்கு,

சோதனைக்கு வராவிட்டாலும் இந்தப் பாடத்தின் உயிர்நாடி நீங்கள் கேட்டதுதான். கம்பியில் ஓடுவதுபோல நரம்பில் மின்சாரம் ஓடினால், சில மில்லிமீற்றருக்குள் வடிந்துவிடும். அது ஓடுவதில்லை, வழிநெடுகப் புதிதாகப் பிறக்கிறது.

ஓய்வில் நரம்புக்கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறையாக, அதாவது எதிர் மின்னாக, இருக்கிறது. தூண்டலால் அது 55 அளவுக்குக் குறைந்ததும் கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வில் சோடியம் கால்வாய்கள் எனும் நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. வெளியே நிறைந்திருக்கும் நேர் மின்னேற்றமுள்ள சோடியம் அயன்கள் உள்ளே பாய, உட்புறம் நேர் மின்னாகிறது. அந்த மாற்றமே பக்கத்துக் கால்வாய்களையும் திறந்துவிடுகிறது. அங்கே அதே முழு அளவில் இன்னொரு கணத்தாக்கம்.

என்னை இன்றும் வியக்க வைப்பது அடுத்து நடப்பது. திறந்த கால்வாய் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனில் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. உட்புறம் மீண்டும் மறையாகும்வரை அந்தப் பூட்டு திறக்காது. கணத்தாக்கம் வந்த வழியே திரும்பாதது அதனால்தான். பலமாக அடிபட்டாலும் அதன் அளவு மாறாது. செக்கனுக்கு எத்தனை என்பதுதான் கூடும்.

ஒரு பிழையையும் திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணத்தாக்கத்துக்கும் பிறகு சோடியம் பொற்றாசியம் பம்பிதான் ஓய்வுநிலை மின்னழுத்தத்தை மீட்கிறது என்று பல குறிப்புகளில் இருக்கிறது. உடனே மீட்பது, பொற்றாசியம் கால்வாய்கள் வழியே வெளியேறும் பொற்றாசியம். மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் பம்பி, பின்னணியில் சேமிப்பைக் காக்கிறது.

இதையெல்லாம் கணவாயின் நரம்பில் அளந்து, பிரித்தானிய விஞ்ஞானிகளான ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணித வடிவில் எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். சந்தையில் ஊசிக்கணவாய் வாங்கினால் உடலை நீளவாக்கில் பிளந்து உட்சுவரைப் பாருங்கள். நட்சத்திரம்போன்ற சிறு முடிச்சிலிருந்து வெண்ணிற இழைகள் விரியும். அவற்றுக்குள்தான் அந்தப் பெருநரம்பிழை இருக்கிறது. சில இனங்களில் அது ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பானது. அதனால்தான் மின்னழுத்தத்தை அளக்கும் மின்வாயை உள்ளே செலுத்த முடிந்தது.

போன மாதம் வெள்ளவத்தையில் பல் பிடுங்கினேன். வைத்தியர் ஏற்றிய மரப்பு மருந்தான லிடோகெயின் இதே சோடியம் கால்வாய்களைத்தான் அடைக்கிறது. குறடு பல்லை அசைத்தது தெரிந்தது, வலி வரவில்லை. பின்னேரம் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மரத்துக் கிடந்த கீழுதட்டில் சூடு மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கியது. கால்வாய்கள் ஒவ்வொன்றாக விடுபடுகின்றன என்று நினைத்துக்கொண்டே, அந்தக் கோப்பையை வெகுநேரம் உதட்டிலிருந்து எடுக்காமல் இருந்தேன்.