ஏலகிரியில் ஐந்தாவது வளைவோடு மூச்சு நின்றுபோகிறதா?

நண்பரே, சென்னையில் சைக்கிள் நல்லா ஓட்டுறேன், ஏலகிரி மலை ஏறப் போனா பதினாலு வளைவில் அஞ்சாவதிலேயே தொடை கட்டிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. முன்னால சின்னச் சக்கரத்துல 34 பல், பின்னால 11-லேருந்து 28 பல் வரைக்கும் சக்கரங்கள்னும் சொன்னீங்க. பாதிக் காரணம் அங்கேயே இருக்கு. அதுல ரொம்ப லேசான 34-28 கியரிலேயே மணிக்கு 9 கி.மீ. வேகத்துக்கு விழுந்தா, பெடல் நிமிஷத்துக்கு சுமார் 60 சுற்றுதான். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிழியும். பின்னால பெரிய சக்கரம் 34 பல்லா போட்டா அதே வேகத்துக்கு சுமார் 72 சுற்று வரும். ஆனா உங்க டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாத்துற கருவி) அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமான்னு கடையில கேட்டுட்டு வாங்குங்க.

பயிற்சிக்கு மலை வேணும்னு இல்ல. ஈசிஆர்ல எதிர்க்காத்து அடிக்கிற நேரமாப் பார்த்து, ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேச முடியாத அளவில் 20 நிமிஷம் மிதிங்க, 10 நிமிஷம் ஓய்வு, மறுபடி 20. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். தினமும் செஞ்சா கால் தேறாது.

ஏலகிரியில போட்டின்னு ஏறுற அன்னைக்கு முதல் மூணு வளைவு யார் முந்தினாலும் விட்டுடுங்க. வளைவோட உள்பக்கம்தான் செங்குத்து. எதிரே வண்டி வரலேன்னா உங்க தடத்துக்குள்ளேயே கொஞ்சம் வெளிப்பக்கமா ஏறுங்க. எடையைக் குறைக்க கார்பன் சக்கரத்துக்குச் செலவு பண்றது இப்போதைக்கு வீண்.