பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயில் கசிகிறதே? மின்னஞ்சல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஜிமெயில் பற்றியவை. பதில்களும் அதை ஒட்டியே இருக்கும். அவுட்லுக், யாஹூ வைத்திருப்பவர்கள் மெனுக்களின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனியன் ஏற்றுமதி செய்கிறோம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்" என்று எங்கள் பெயரில் வெளிநாட்டு பையருக்கு மெயில் போயிருக்கிறது. நல்லவேளை, அவர் போன் செய்து கேட்டார். அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். ஆனாலும் நாங்கள் எழுதுவதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரிகிறது. எப்படி சார்? (திருப்பூர் வாசகர்)

பாஸ்வேர்டை மாற்றியது பாதி வேலைதான். உள்ளே புகுந்தவன் தனக்கு ஒரு கொல்லைப்புற வழி வைத்துவிட்டுத்தான் போவான். போன் ஆப்பில் எல்லாம் தெரியாது, கணினியில் ஜிமெயிலைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போங்கள். முதலில் 'ஃபார்வர்டிங்' பகுதி. உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதாவது அங்கே இருந்தால், வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகல் அங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் அது நிற்காது.

அடுத்தது 'ஃபில்டர்ஸ்'. இதைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள். இன்வாய்ஸ், பேமென்ட், பேங்க் போன்ற சொற்களோ உங்கள் பையரின் முகவரியோ வந்தால் அந்த மெயில் இன்பாக்ஸுக்கு வராமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, ஓரமாகப் போய்விடும்படி விதி எழுதி வைத்திருப்பார்கள். "கணக்கு மாறியது உண்மையா?" என்று பையர் கேட்டு எழுதினாலும் அது உங்கள் கண்ணிலேயே படாது. நீங்கள் எழுதாத ஃபில்டர் எதுவாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். அப்புறம் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் வேறு யாருக்காவது உங்கள் பெட்டியைத் திறக்க அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா, கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் தெரியாத ஆப் எதுவும் இணைந்திருக்கிறதா, மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். இன்பாக்ஸின் அடியில் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் 'டீடெய்ல்ஸ்' என்று இருக்கும். அதைத் தட்டினால் கடைசியாக எந்த நேரத்தில், எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) உங்கள் பெட்டியைத் திறந்தார்கள் என்பது வரிசையாக வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றும் சிக்கவில்லை என்றால், ஓட்டை பையர் பக்கம் இருக்கலாம். அல்லது அந்த மெயில் உங்கள் முகவரியிலிருந்தே போயிருக்காது. பையருக்கு வந்த மெயிலில் அனுப்பியவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 'எம்' வரும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டு, உங்களுடையதைப் போலவே தெரியும் ஒரு டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வாங்கியிருப்பார்கள். போன் திரையில் வித்தியாசமே தெரியாது.

வங்கிக் கணக்கு மாறியது என்று மெயில் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது என்று எல்லா பையர்களுடனும் இப்போதே பேசி வையுங்கள். பணம் போயே விட்டது என்றால், அனுப்பிய வங்கியிடம் பரிமாற்றத்தைத் திரும்பப் பெறச் சொல்வதுதான் முதல் வேலை. பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால் கூடவே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் போன் செய்யுங்கள். மெயில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் முகவரியிலிருந்தே எனக்கு மெயில் வந்திருக்கிறது! "உன் கணினியை ஹேக் செய்துவிட்டேன், கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயின் அனுப்பு" என்கிறது. என் பாஸ்வேர்டு ஒன்றையும் சரியாக எழுதியிருக்கிறான். தூக்கமே போய்விட்டது. (மதுரை வாசகர்)

நிம்மதியாகத் தூங்குங்கள். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-இல் வகுக்கப்பட்டது. அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் வழியே அதில் அப்போது இல்லை. தபால் உறையில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே கதைதான். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற சோதனைகள் பிற்பாடுதான் மேலே ஏற்றப்பட்டன. மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தட்டினால் இந்த மூன்றுக்கும் நேரே 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று பார்க்கலாம். இந்த மாதிரி மெயிலில் பெரும்பாலும் 'ஃபெயில்'தான் இருக்கும்.

பாஸ்வேர்டு சரியாக இருக்கிறதே என்றால், அது நீங்கள் எப்போதோ கணக்குத் திறந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் இருந்திருக்கும். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எந்தக் கசிவில் அகப்பட்டது என்று காட்டும். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்றே மாற்றுங்கள். மிரட்டலுக்குப் பதில் போடாதீர்கள். காசு ஒரு பைசாவும் வேண்டாம்.

கேள்வி: இடம் நிறைந்துவிட்டது என்று மெயில் வருவதே நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கில் அழித்தும் இடம் குறையவில்லை. (தேனி ஆசிரியை)

அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். அதுவும் போக, விளம்பர மெயில் ஆயிரம் அழித்தாலும் பெரிதாக இடம் தேறாது. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியைத் தட்டி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று தேடுங்கள். கனமானவை மட்டும் வரும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் குற்றவாளி மெயிலாகவே இல்லாமல் இருக்கலாம். இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. 2021 ஜூன் முதல் போட்டோக்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதிலேயே ஏறுகிறது. குரூப்புக்குக் குரூப் வரும் குட்மார்னிங் வீடியோக்கள் எல்லாம் அங்கேதான் தங்கும். வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப் பகுதியில் வீடியோக்களையும் சேர்க்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வேறு யாருடைய ரயில் டிக்கெட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் எனக்கு வருகிறது. அவருடைய முகவரியில் இனிஷியலுக்குப் பின் புள்ளி இருக்கிறது, என்னுடையதில் இல்லை. கூகுள் குழம்பிவிட்டதா? (சேலம் வாசகர்)

கூகுள் குழம்பவில்லை. ஜிமெயிலுக்குப் புள்ளி ஒரு பொருட்டே இல்லை. புள்ளி வைத்ததும் வைக்காததும் ஒரே பெட்டிதான், அது உங்களுடையது. அந்த மனிதரின் உண்மையான முகவரியில் கடைசியில் ஓர் எண்ணோ எழுத்தோ இருக்கும், அதை விட்டுவிட்டுச் சொல்லியிருப்பார். ஒற்றை இனிஷியலும் பெயருமாக வாழும் நம் ஊரில் இது சர்வசாதாரணம். வங்கிக்குத் தெரியப்படுத்துங்கள். மெயிலில் 'உங்கள் கணக்கை உறுதி செய்யுங்கள்' என்று இருந்தால் மட்டும் தொடாதீர்கள். சிலர் உங்கள் முகவரியில் வேண்டுமென்றே கணக்குத் திறந்து, உங்களையே கார்டு விவரம் போட வைக்கப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் மெயிலைத் திறந்து ஆதார் பிரிண்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் லாக் அவுட் செய்யவில்லை என்று ஞாபகம் வந்தது. (கும்பகோணம் வாசகர்)

உங்கள் போனிலிருந்தே வெளியேற்றலாம். கூகுள் கணக்கு, செக்யூரிட்டி, 'யுவர் டிவைசஸ்'. அதில் அந்தக் கணினியைத் தேர்ந்து 'சைன் அவுட்' கொடுங்கள். பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமித்திருக்கலாம், ஆகவே அதையும் மாற்றுங்கள். டவுன்லோடு ஃபோல்டரில் பிடிஎஃப் கிடக்கும், அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது, உங்களைத் தெரிந்த யாரும் போட்டுவிடுவார்கள். கேட்கிற இடத்தில் ஏற்றுக்கொள்வார்கள் என்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊர் சிம் ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டது. பாஸ்வேர்டு தெரியும், ஆனால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகிறது. (சிங்கப்பூர் வாசகர்)

ஊரில் நீங்கள் பயன்படுத்திய பழைய போனோ லேப்டாப்போ இருக்கிறதா? அதில் கணக்கு இன்னும் திறந்தே இருந்தால் வேலை முடிந்தது: அதிலிருந்தே புதிய எண்ணைச் சேர்க்கலாம். இல்லையென்றால் 'ட்ரை அனதர் வே' என்பதைத் தட்டிக்கொண்டே போங்கள். மீட்பு முகவரி, முன்பு எடுத்து வைத்த 8 இலக்க பேக்கப் குறியீடு, எது கிடைக்கிறதோ அது. வழக்கமாகப் பயன்படுத்திய கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயன்றால் கூகுள் நம்புவதற்கு வாய்ப்பு அதிகம். பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்கள் அத்தனை பேரும் மோசடிக்காரர்கள்.

உள்ளே போனதும் முதல் காரியமாக அந்த எண்ணை நீக்குங்கள். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் ஓடிபி இப்போது யாரோ முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், போனிலேயே குறியீடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் அல்லது கைரேகை, திரைப்பூட்டு வழியாக நுழையும் பாஸ்கீக்கு மாறிவிடுங்கள். கடல் தாண்டி இருப்பவர்களுக்கு அதுதான் தோது.

கேள்வி: அலுவலக ஸ்கேனரிலிருந்து ஜிமெயில் வழியாக மெயில் போவதில்லை. பாஸ்வேர்டு தவறு என்கிறது, ஆனால் சரியாகத்தான் போடுகிறோம். (ஈரோடு வாசகர்)

வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து நுழையும் பழைய கருவிகளைத் தனிநபர் கணக்குகளில் 2022 மே இறுதியிலேயே கூகுள் நிறுத்திவிட்டது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்கி ஸ்கேனரில் போடுங்கள். ஸ்கேனரின் மெயில் அமைப்பில் போர்ட் எண் கேட்டால் 587 என்று போடுங்கள்.

கேள்வி: 2000-களில் அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழில் எழுதிய மெயில்களை இப்போது திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரிகிறது. மீட்க முடியுமா? (டொரண்டோ வாசகி)

முடியும் அம்மா. குப்பை எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ' திரும்பத் திரும்ப வந்தால் அது யூனிகோட் தமிழ்தான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், அதில் முதல் பைட்டை மேற்கத்திய எழுத்தாகத் தவறாகப் படித்தால் அந்த 'ஏ' வரும். மெயிலை இறக்கி, தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் திறந்து, எழுத்துக் குறிமுறையைச் சரிசெய்யும் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' கொடுத்துப் பாருங்கள்.

அப்படி இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக இருந்தால், யாழ்ப்பாணம் என்பதால் பாமினி எழுத்துருவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு சோதனை சொல்கிறேன்: ஜே, கே, பி, ஓ, அடுத்து ஓர் அரைப்புள்ளி என்று சேர்ந்து வருகிறதா? பாமினியில் அதுதான் 'தமிழ்'. இணையத்தில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் டிஸ்கி, டாப் போன்ற பழைய தமிழ்க் குறிமுறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மாற்றியதைத் தனிக் கோப்பில் சேமியுங்கள், மூல மெயிலை அழிக்க வேண்டாம். அந்தக் கணக்கையும் அவ்வப்போது திறந்துகொண்டிருங்கள். 2 ஆண்டு தொடாத கணக்குகளை அழிக்கலாம் என்பது 2023-இலிருந்து கூகுளின் விதி.

கேள்வி: மேலாளருக்கு அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற முடியுமா? (சென்னை வாசகர், அவசரத்தில்)

30 விநாடி வரை முடியும். செட்டிங்ஸில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 5-லிருந்து 30-க்கு ஏற்றி வைத்திருந்தால். நீங்கள் இதை எழுதிக் கேட்டிருக்கிறீர்கள் என்றால் நேரம் தாண்டிவிட்டது. மேலாளருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.