நாலு படம் போடுவதற்கு இவ்வளவு காசா?

அன்புள்ள அண்ணா,

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். கெம்பஸ் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கொழும்புக்குப் போக மனமில்லை. இங்கேயே இருந்துகொண்டு மூன்று கெஸ்ட் ஹவுஸ்களுக்கும், புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்காரர் ஒருவருக்கும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன். "பிள்ளை, நாலு படம் போடுறதுக்கு இவ்வளவு காசா? என்ட மருமகன் சும்மா போட்டுத் தருவான்" என்றார் ஒரு முதலாளி. எனக்கு வாயே வரவில்லை. அவர் சொல்வதும் நியாயம்தானே என்று தோன்றியது.

என்னை 'சமூக ஊடக உத்தி ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்ளலாமா, அது அதிகப்பிரசங்கித்தனமா? கட்டணத்தை எப்படித் தீர்மானிப்பது? வெளிநாட்டு வாடிக்கையாளர்களைத் தேடலாமா? அரசாங்க வேலைக்கு விண்ணப்பி என்று அப்பா தினமும் சொல்கிறார். பெயரைப் போட வேண்டாம்.

— கே.

அன்புள்ள கே.,

அந்த முதலாளி சொன்னது சரி. நாலு படம் போட அவ்வளவு காசு இல்லை. மருமகனே போடட்டும். நீங்கள் விற்பது படத்தைத்தான் என்று அவர் நினைக்கிறார், உங்களுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் வாய் வரவில்லை.

எனக்கும் வரவில்லை. என் முதல் வாடிக்கையாளருக்கு நிலாவெளிப் பக்கம் ஆறு அறை. அவருடைய பக்கத்துக்கு நாலாயிரம் லைக் சேர்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்தபடி அவர் கேட்டார்: "தம்பி, இந்த நாலாயிரத்தில ஆராவது வந்து ஒரு ராத்திரி படுத்தவையோ?"

பார்த்தால், நாலாயிரத்தில் முக்கால்வாசி திருகோணமலைப் பொடியன்கள். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கடலுக்கு வருகிறவர்கள் நிலாவெளியில் ஏன் அறை எடுக்கப்போகிறார்கள்? காசு கட்டிப் பூஸ்ட் போட்டபோது எந்த ஊர் ஆட்களுக்குக் காட்டுவது என்ற இடத்தை நான் மாற்றவே இல்லை.

வெட்கத்தில், கவுண்டரில் கிடந்த பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். பெயர், பாஸ்போர்ட் இலக்கம், நாடு, வந்த திகதி என்று நாலு கோடு போட்டிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஐந்தாவது கோடு ஒன்று இழுத்து, "எப்படித் தெரியும்?" என்று எழுதினேன். வருகிற ஒவ்வொருவரிடமும் சாவி கொடுக்கும்போது கேட்கச் சொன்னேன். மூன்று கிழமை கழித்துப் பார்த்தால், பேஸ்புக் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். மற்றவர்களில் பாதிப் பேர் சிகிரியாவிலோ ஹபரணையிலோ முதல்நாள் தங்கிய இடத்தில் கேட்டு வந்தவர்கள். மிச்சப் பேர் கூகுள் வரைபடத்தில் தேடியவர்கள். அந்த வரைபடத்தில் எங்கள் இடத்தின் புள்ளி இரண்டு ஒழுங்கை தள்ளி, யாரோ ஒருவரின் தென்னந்தோட்டத்தில் நின்றது. அங்கே போய்த் தட்டிவிட்டுத் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அந்த வருடம் நான் செய்த உருப்படியான வேலை இரண்டு. புள்ளியை இழுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். முதலாளியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, கந்தளாய் தாண்டி ஹபரணை வரை போய், அங்கே தங்குமிடம் நடத்துகிற நாலைந்து பேரிடம் அட்டை கொடுத்துக் கதைத்துவிட்டு வந்தேன். சமூக ஊடக ஆலோசகர் செய்த வேலை அது! போஸ்ட் போடுவதைக் கிழமைக்கு ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் என் காசைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

உங்கள் மூன்று இடங்களிலும் புத்தகத்தைக் கேளுங்கள். படகுக்காரருக்கு வேறு கணக்கு. நாளைக்குக் கடலுக்குப் போவோமா என்று ஆட்கள் முடிவெடுப்பது முதல்நாள் இரவு, சாப்பாட்டு மேசையில். அவருக்கு அழகான ரீல்ஸ் செய்து மினக்கெடுவதைவிட, சுற்றியுள்ள கெஸ்ட் ஹவுஸ் கவுண்டர்களை ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்து, பின்னேரம் ஆறு மணிக்கு "கடல் அமைதி, காலை ஏழுக்குப் படகு, நாலு இடம் இருக்கு" என்று ஒரு வரி போடுவது மேல்.

கெஸ்ட் ஹவுஸுக்கு முடிவு மாதக்கணக்கில் முன்னாலேயே நடந்துவிடுகிறது. இங்கேதான் நம் ஊருக்கென்றே ஒரு முடிச்சு இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கக் கரையில் உள்ள காலி, ஹிக்கடுவை ஊர்களை நனைக்கும்போது கடல் தேடுகிறவர்கள் கிழக்குக்கு வருகிறார்கள். நமக்கு அதுதான் சீசன். ஆனால் ஓகஸ்ட்டில் வரப்போகிற ஐரோப்பியக் குடும்பம் டிக்கெட் பார்க்கத் தொடங்குவது பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரியில். அதற்கு முன்பே இணையத்தளம், படங்கள், விலை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அதாவது உங்கள் உண்மையான வேலை நவம்பர், டிசெம்பரில், வாடைக்காற்றும் மழையும் அடிக்கும்போது நடக்கிறது. அப்போது முதலாளியிடம் ஐந்து சதமும் இருக்காது, அறைக்கு வெள்ளை அடிக்கவே கடன் வாங்கிக்கொண்டிருப்பார். காசு புரளுகிற ஜூலையில் அறையெல்லாம் நிறைந்திருக்கும், நீங்கள் எதற்கு என்று அவருக்கே சந்தேகம் வரும்.

அதனால் மாதக் கட்டணம் கேட்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தொகை பேசுங்கள். நவம்பரில் சின்ன முற்பணம், மிச்சத்தை ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை ஐந்தாகப் பிரித்து. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

முற்பணத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 2018 கடைசியில் ஒரு சதமும் வாங்காமல் நாலு இடங்களுக்கு வேலை செய்தேன். அறைக்கு இத்தனை வீதம் கொமிஷன் என்று பேச்சு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. அந்தச் சீசனே இல்லாமல் போனது. அறைகள் பூட்டிக் கிடந்தபோது போய்க் காசு கேட்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் யாராவது "ஆள் வந்தால் வீதம் தருகிறேன்" என்றால் நான் எழும்பிவிடுவேன். ஆள் வருவதும் வராததும் உங்கள் கையில் மட்டும் இல்லை.

இன்னொரு பிழையும் என்னுடையதுதான். கூகுள் முன்பு கடைகளுக்கு இலவசமாக ஒரு பக்க இணையத்தளம் கொடுத்துவந்தது, 2024 மார்ச்சில் அதை மூடியது. முன்கூட்டியே அறிவித்துத்தான் மூடினார்கள். நான் அறிவித்தலைப் படிக்கவில்லை. என் வாடிக்கையாளர் ஒருவர் அந்த முகவரியோடு ஆயிரம் அட்டை அடித்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டியது நானும் என் மகளும். சொந்த டொமைன், அதாவது சொந்த இணையத்தள முகவரி, ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அவருடைய பெயரில், அவருடைய மின்னஞ்சலில். பாஸ்வேர்ட் உங்கள் போனில் மட்டும் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைப் பிடித்து வைப்பவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன், அருவருப்பாக இருக்கிறது.

வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடலாம். டொலர் வங்கி வழியாக வரட்டும். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வருமானத்துக்கும் வரி உண்டு, ஆகக்கூடியது 15 வீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருப்பதால் ஆரம்பத்தில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வரி இலக்கத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு அந்த இலக்கத்தைக் காட்டினால் கொஞ்சம் அடங்குவார். அரசாங்கம் கொடுத்த கடதாசி அல்லவா.

'ஆலோசகர்' என்று பில்லில் தாராளமாகப் போடுங்கள். கவுண்டரில் நின்று அப்படிச் சொல்லாதீர்கள். "உங்களிடம் வருகிறவர்கள் எங்கேயிருந்து வருகிறார்கள் என்று கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அது எந்த முதலாளிக்கும் விளங்கும்.

பிறகு, அந்த மருமகனைப் பகைக்காதீர்கள். சும்மா படம் எடுத்துத் தர ஒருவர் கிடைப்பது லேசில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கரைவலை இழுக்கும்போது கடற்கரைக்குப் போகச் சொல்லுங்கள், நல்ல வெளிச்சம். எனக்கு அந்த நேரத்தில் எழும்ப வராது.