கல்லூரிக் கூடைப்பந்தில் சென்டராக (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் நெட்டையராக) ஆடுபவர்களில் என்.பி.ஏ.வில் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில்) யார் தேறுவார் என்பதை சராசரிப் புள்ளிகளை வைத்துச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. 17 புள்ளி எடுப்பவனையும் 10 புள்ளி எடுப்பவனையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2015இல் அமெரிக்காவில் படித்தபோது எங்கள் அறையில் நடந்த சண்டையும் இதுதான்.

அந்த வருடம் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜலீல் ஓகஃபோர், கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கார்ல்-அந்தோனி டவுன்ஸ். இருவரும் முதலாமாண்டு மாணவர்கள். ஆட்டத்துக்கு ஓகஃபோரின் சராசரி 17.3 புள்ளி, டவுன்ஸுக்கு 10.3. அறை நண்பர்கள் அத்தனை பேரும் ஓகஃபோர் கட்சி. முதுகைக் காட்டி நின்று, பந்தை ஒற்றைக் கையில் ஆட்டிக்காட்டி, சட்டென்று திரும்பிப் போடும் அழகுக்கு அவர்கள் மயங்கியதில் தப்பில்லை. நான் மட்டும் டவுன்ஸ் என்றேன். கென்டக்கியில் கோச் கலிபாரி பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கியதால் டவுன்ஸுக்குக் கிடைத்ததே 21 நிமிடம். அதற்குள் ஆட்டத்துக்கு 2.3 பிளாக், அதாவது எதிராளி போடும் பந்தைத் தட்டித் தடுப்பது. ஓகஃபோர் 30 நிமிடம் ஆடி 1.4. அப்புறம் ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி வீச்சான ஃப்ரீ த்ரோ: டவுன்ஸ் 81 சதவீதம், ஓகஃபோர் 51. யாரும் மறிக்காத இடத்திலிருந்து போடத் தெரிந்தவன்தான் பின்னால் தள்ளி நின்றும் போடக் கற்றுக்கொள்வான்.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் கல்லூரி அணிக்கு நான்தான் சென்டர். என் ஃப்ரீ த்ரோ நன்றாகவே விழும். ஆனால் வெளியிலிருந்து ஒரு ஷாட் எடுத்தால் போதும், “நெட்டையனுக்கு எதுக்குடா ஷாட்டு, கூடைக்கு அடியில நில்லு” என்று கோச் அடுத்த நிமிடமே உட்கார வைத்துவிடுவார்.

அந்த வருடம் கல்லூரிகளின் தேசிய இறுதிப் போட்டியில் டியூக் விஸ்கான்சினை 68-63 என்று வென்றதும் அறையில் ஒரே கூச்சல். ஆனால் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்த டியூக் எழுந்து வந்தபோது ஓகஃபோர் ஃபவுல்கள் ஏறிப்போனதால் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். தூக்கி நிறுத்தியவர்கள் கிரேசன் ஆலனும் டையஸ் ஜோன்ஸும். விஸ்கான்சினின் ஃபிராங்க் காமின்ஸ்கி, உள்ளேயும் வெளியேயும் ஆடக்கூடிய சென்டர், 21 புள்ளி எடுத்துவிட்டார். ஓகஃபோரைப் போலத் தடுப்பாட்டம் பலவீனமான சென்டரை என்.பி.ஏ.வில் பிக் அண்ட் ரோலுக்கு (ஒருவன் தடுப்பவரை மறித்து நின்று, பிறகு கூடையை நோக்கி ஓடும் ஆட்டம்) இழுத்து இழுத்தே அடிப்பார்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

“முடிந்த பிறகு யாரும் சொல்லலாம்” என்று சிலர் வருவீர்கள். என்.பி.ஏ. அணிகள் வரிசைப்படி புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் மினசோட்டாவே டவுன்ஸைத்தானே முதலில் எடுத்தது என்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்தக் குளிர்காலத்தின் பெரும்பகுதியில் பெரும்பாலான கணிப்புப் பட்டியல்களில் முதலிடம் ஓகஃபோருக்குத்தான். ஓகஃபோரை நான் மட்டம் தட்டவில்லை. மூன்றாவதாக அவரை எடுத்த பிலடெல்பியாவில் ஏற்கெனவே எம்பீட், நோயல் என்று இரண்டு சென்டர்கள் இருந்தார்கள், முழங்காலும் போனது. முதல் வருடம் 17.5 புள்ளி எடுத்தவரை 2017 டிசம்பரில் புரூக்ளினுக்குத் தள்ளிவிட்டார்கள். அதே முதல் வருடத்தில் ஒருமனதாகச் சிறந்த புதுமுகமான டவுன்ஸ், 2022இல் என்.பி.ஏ.வின் மூன்று புள்ளிப் போட்டியையே (தூரத்திலிருந்து பந்து போடும் போட்டி) வென்றார், அதுவும் ஒரு சென்டர்!

அதே டிராஃப்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சென்டர் மைல்ஸ் டர்னரையும் எடுத்துப் பாருங்கள். சராசரி வெறும் 10 புள்ளி, ஓடும் விதமே சரியில்லை என்று பேச்சு. ஆனால் டவுன்ஸிடம் நான் பார்த்த அதே இரண்டு அடையாளங்கள்: ஃப்ரீ த்ரோ கிட்டத்தட்ட 84 சதவீதம், பிளாக் 2.6. இண்டியானாவுக்கு அவர் 11ஆவது இடம் வரை மிச்சமிருந்தார்.