எஃகு குளிரில் ஏன் நொறுங்குகிறது? வெயில் ஊரில் இருக்கும் நாங்கள் அதை ஏன் படிக்க வேண்டும்?

மே மாத வெயிலில் வெந்துகொண்டிருக்கும் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து எஃகின் குளிர் நோயைப் படிப்பது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் மகேந்திரகிரியும் அணு மின் நிலையம் உள்ள கூடங்குளமும் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொட்டிகளும் குழாய்களும் செய்யும் ஒரு பட்டறையில் தரம் பார்ப்பது என் வேலை. பாடப்புத்தக வரைபடத்தைவிட, எஃகு திடீர் அடியை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் சார்பி சோதனையை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் உள்ள துண்டு. நடுவில் 2 மி.மீ. ஆழத்துக்கு 'வி' வெட்டு. ஊசல் சுத்தியல் விழுந்து அடிக்கும். சாதாரண வெப்பத்தில் நல்ல மைல்டு ஸ்டீல் வளைந்து கிழியும். கிழிந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நார் நாராக இருக்கும். அதே பிளேட்டில் வெட்டிய இன்னொரு துண்டை உலர்பனிக்கட்டி போட்ட ஸ்பிரிட்டில் ஊறவைத்து, இடுக்கியால் எடுத்து ஐந்து விநாடிக்குள் அடியுங்கள். இரண்டாகத் தெறிக்கும். முகம் உடைத்த கற்கண்டு போல மினுங்கும். வளைந்த அடையாளமே இருக்காது.

காரணம் இதுதான். உலோகம் வளைகிறது என்றால் உள்ளே அணு அடுக்குகள் வழுக்குகின்றன. சாதாரண எஃகின் அணுக்கட்டமைப்பில் அந்த வழுக்கலுக்கு வெப்பத்தின் உதவி வேண்டும். குளிரக் குளிர வழுக்கத் தேவைப்படும் விசை கிடுகிடுவென ஏறும். பிளக்கத் தேவைப்படும் விசையோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் வளைவதைவிடப் பிளப்பது எளிதாகிவிடுகிறது. கூரிய வெட்டு, திடீர் அடி, எஃகின் உள்ளே பருத்த படிக மணிகள், கந்தகம், பாஸ்பரஸ் எல்லாம் அந்தக் கட்டத்தைச் சீக்கிரம் வரவழைக்கும். ஆகவே 'குளிர்' என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. ஒவ்வோர் எஃகுக்கும் அதனதன் குளிர் உண்டு.

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், துறையில் சும்மா கட்டிக்கிடந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தது. புயலும் இல்லை, மோதலும் இல்லை. எல்லோரும் வெல்டிங்கைத் திட்டினார்கள். அந்தப் போர்க்காலக் கப்பல்களின் முறிவுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர், குளிரில் நொறுங்கும் எஃகுதான் அடிப்படைக் குற்றவாளி என்று காட்டினார். வெல்டிங்குக்கும் பங்கு உண்டு: ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு பிளேட்டின் விளிம்போடு நின்றுவிடும், முழுக்கப் பற்றவைத்ததில் கப்பலையே சுற்றி ஓடும்.

இனி நம் மாவட்டம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் கிரையோஜெனிக் எஞ்சின்களை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களால் இயங்கும் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. வெளியே என்ன வெயில் அடித்தாலும் குழாய்க்கு உள்ளே அதுதான் குளிர். இத்தகைய இடத்துக்கு நிக்கல் கலந்த ஆஸ்டெனிட் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏற்றது. அதன் அணுக்கட்டமைப்பே வேறு, வழுக்குவதற்கு வெப்பத்தின் தயவு அதிகம் வேண்டாம்.

எனக்கு அதைவிட வியப்பு தருவது கூடங்குளம் போன்ற இடங்களில் அணு எரிபொருளை உள்ளே வைத்திருக்கும் எஃகுப் பாத்திரமான அணு உலைக் கலம். அங்கே குளிரே இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் நியூட்ரான் அடிபட்ட எஃகில், நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலை மெல்ல மேலே ஏறுகிறது. குளிர் எஃகைத் தேடி வருவதில்லை, எஃகு குளிரைத் தேடிப் போகிறது. நெருக்கடியில் சூடான கலத்துக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்த நேரும் என்பதால் இது விளையாட்டான விஷயம் அல்ல. அதனால்தான் கலத்தின் எஃகிலிருந்தே வெட்டிய துண்டுகளை உலைக்குள் வைத்து, அவ்வப்போது வெளியே எடுத்து, மேலே சொன்ன அதே ஊசலால் அடித்துப் பார்க்கிறார்கள்.

வேலைக்குப் போனால் உதவும் ஒன்று. ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தர விதிப்படி வரும் கட்டுமான எஃகு பிளேட்டில் ஏ, பி.ஆர்., பி.0, சி என்று பிரிவுகள் வரும். பி.ஆர். (கேட்டால் மட்டும்) அறை வெப்பத்திலும், பி.0 பூஜ்யத்திலும், சி மைனஸ் 20 டிகிரியிலும் அடித்துப் பார்க்கப்படும். நம்மூர்க் கொட்டகைக்கு எது வந்தாலும் ஓடிவிடும். பனி கொட்டும் நாட்டுக்குப் போகிற தொட்டி என்றால், சான்றிதழில் வலிமை எண்ணைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள்; எந்த வெப்பநிலையில் அடித்தார்கள் என்ற கட்டத்தைத் தேடுங்கள்.