பனிக்கடல் பைட்டோபிளாங்டனும் போஸ்ட்டாக் வேலையும்: கேள்வி பதில்

வணக்கம். நார்வேயின் ட்ரோம்சோவில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி. முடித்த பின் ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவராக, இருக்கிறேன். நார்வேக்கு வடக்கே உள்ள பாரென்ட்ஸ் கடலில் வசந்தகாலத்தில் பெருகும் பைட்டோபிளாங்டன், அதாவது நீரில் மிதக்கும் நுண்பாசிகள்தான் என் ஆய்வு. இந்த வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதற்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

செல்வம்: அக்கா, போஸ்ட்டாக் என்றால் வருஷம் முழுக்கக் கப்பலிலேயே இருக்க வேண்டுமா?

இல்லை தம்பி. வருஷத்துக்கு மூன்று நான்கு வாரம் கப்பல் கிடைத்தாலே பெரிய விஷயம். மீதியெல்லாம் ஆய்வகமும் கணினியும்தான். கப்பலில் சி.டி.டி. என்ற கருவியைக் கேபிளில் இறக்குவோம். அது வெப்பம், உப்பு, ஆழம் எல்லாம் அளந்துகொண்டே போகும். அதைச் சுற்றி மாட்டிய பாட்டில்கள் நாம் சொல்கிற ஆழத்தில் மூடிக்கொண்டு தண்ணீரைக் கொண்டுவரும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடியிழை ஃபில்டரில் வடிகட்டி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். குளிர்காலத்தில் லிட்டர் கணக்கில் வடித்தாலும் ஃபில்டர் வெள்ளையாகவே இருக்கும். மே மாதத்தில் அரை லிட்டருக்குள் டையட்டம் என்ற பாசி வகை அடைத்துப் பழுப்பாகிவிடும். கதிரியக்கம் உள்ள கார்பன்-14 கொண்டு ஒளிச்சேர்க்கையை அளப்பவர்களுக்குத் தனி கன்டெய்னர் உண்டு. அங்கே போட்ட கோட்டோடு சாப்பாட்டு அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கரை திரும்பியதும் ஃபில்டரில் எந்த நிறமி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, எந்தெந்த வகைப் பாசி இருந்தது என்று கணக்குப் போடுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

மலர்விழி: பனி உருகினால் வெளிச்சம் கூடும், பைட்டோபிளாங்டன் பெருகும், கரியமில வாயுவை உறிஞ்சும். அப்படியென்றால் நல்லதுதானே?

வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதல் பாதி உண்மைதான். செயற்கைக்கோள் தரவுப்படி 1998-இலிருந்து 2018-க்குள் ஆர்க்டிக் கடலின் முதன்மை உற்பத்தி (ஒளிச்சேர்க்கையால் உருவாகும் உயிர்ப்பொருள்) 57 சதவீதம் கூடியிருக்கிறது. முதல் பத்தாண்டில் பனி விலகித் திறந்த கடல் பரப்பு கூடியதுதான் முக்கியக் காரணம். அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம்: பரப்பு பெரிதாகக் கூடாமலே உற்பத்தி ஏறியது. எங்கிருந்தோ புதிதாகச் சத்து வந்து சேர்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஆற்றுநீரும் உருகிய பனிநீரும் உப்புக் குறைந்தவை, லேசானவை. அவை கடலின் மேல் பானை மூடி மாதிரி படர்ந்துவிட்டால் ஆழத்தில் இருக்கும் நைட்ரேட் என்ற சத்து மேலே ஏறாது. வெளிச்சம் இருக்கும், சாப்பாடு இருக்காது. வட அமெரிக்காவுக்கு மேலே உள்ள கனடா படுகையில் இதைப் பார்த்திருக்கிறார்கள். மைக்ரோமோனாஸ் போன்ற, இரண்டு மைக்ரான் அளவுள்ள பொடிசுகள் கூடின. அவற்றைவிடச் சற்றுப் பெரியவை குறைந்தன.

அளவில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அதில்தான் எல்லாமே இருக்கிறது. பெரிய டையட்டத்துக்குச் சிலிக்கா ஓடு, கனம் அதிகம்; செத்தால் ஆழத்துக்குப் போகும், கார்பனும் கூடவே போகும். பொடிசுகள் மேலேயே தின்னப்பட்டு, அந்தக் கார்பனில் பெரும்பகுதி சுவாசத்தில் வெளியே வந்துவிடும். கலானஸ் என்ற கொழுப்பு நிறைந்த கோப்பிபாடுக்கும் (மிகச் சிறிய கடல் ஓட்டுயிரி) டையட்டம்தான் நல்ல தீனி. கலானஸை நம்பித்தான் அங்கே மீனும் பறவையும். எங்கள் பாரென்ட்ஸ் கடலில் வேறு கதை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் மேலும் மேலும் வடக்கே ஏறுகிறது, அதோடு எமிலியானியா ஹக்ஸ்லீ என்ற பாசியும் வருகிறது. அது பெருகினால் கடல் பால் கலந்த நீலமாகிவிடும், விண்வெளியிலிருந்தே தெரியும். அது தன் சுண்ணாம்பு ஓட்டைக் கட்டும்போது கரியமில வாயுவை வெளியேயும் விடுகிறது. அதனால் "எவ்வளவு வளர்ந்தது" என்று மட்டும் கேட்கும் ஆய்வு எனக்குப் பாதி ஆய்வு.

ஜெகன்: மாதக்கணக்கில் இருட்டு. இந்தப் பாசிகள் எப்படிப் பிழைக்கின்றன?

சேமித்ததைச் சிக்கனமாகச் செலவழித்து. சில ஓய்வுச் செல்லாக மாறிவிடும், சில மற்ற நுண்ணுயிரிகளைத் தின்னும். ஆச்சரியம் என்னவென்றால், இருட்டிலும் ஒளிச்சேர்க்கை இயந்திரத்தைக் கழற்றி வைப்பதில்லை. போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் 2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை, மோசாயிக் என்ற ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்துக்காகப் பனியோடு சேர்ந்து மிதந்தது. மார்ச் கடைசியில், பனியும் உறைபனியும் மூடிய நீரில், சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.04 மைக்ரோமோல் ஒளியிலேயே வளர்ச்சி தொடங்கியதை அப்போது அளந்தார்கள். நம்மூர் உச்சிவெயில் அதே அலகில் சுமார் 2,000. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம்: கடலில் இரும்பைக் கொட்டினால் பருவநிலை மாற்றத்தை நிறுத்தலாம் என்று படித்தேன். உண்மையா?

அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடலில் நைட்ரேட் நிறைய இருக்கிறது, இரும்புதான் பற்றாக்குறை; அதைத் தூவினால் பாசி பெருகும். அந்த அளவுக்கு உண்மை. 2004-இல் ஐஃபெக்ஸ் சோதனையில் இரும்பு தூவியபோது டையட்டம் பெருகி, அதில் பாதிக்கும் மேல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கியது. 2009-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் நடத்தின. 300 சதுர கிலோமீட்டரில் தூவினார்கள். அங்கே சிலிக்கா குறைவு, டையட்டம் எழவே இல்லை. வளர்ந்த மற்ற பாசிகளைக் கோப்பிபாடுகள் மேய்ந்துவிட்டன, ஆழத்துக்குப் போனது சொற்பம். ஒரே மருந்து, இரண்டு கடல், இரண்டு விளைவு. இதை வைத்துக் கார்பன் வியாபாரம் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இர்ஃபான்: நான் இயற்பியல். பாசியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு இடம் உண்டா?

தாராளமாக. 2024 பிப்ரவரியில் நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோள், கடல் நிறத்தை நூற்றுக்கும் மேற்பட்ட அலைநீளங்களில் பார்க்கிறது. வகை பிரித்துச் சொல்ல ஆள் தேவை. ஆனால் செயற்கைக்கோளுக்குத் துருவ இரவிலும் மேகத்திலும் பனிக்கடியிலும் கண் தெரியாது. 2011-இல் அலாஸ்காவை ஒட்டிய சுக்சி கடலில், ஒரு மீட்டர் கனப் பனிக்குக் கீழே நூறு கிலோமீட்டருக்கும் மேல் பரந்த பெருக்கத்தைக் கப்பலில் போனவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் தானியங்கி மிதவைகள், கணினி மாடலிங் இரண்டுக்கும் தேவை உண்டு. பைத்தான், ஆர் (R) போன்ற நிரல்மொழி ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தால், உயிரியலை ஆறு மாதத்தில் பேசும் அளவுக்குக் கற்றுக்கொள்ளலாம்.

கார்த்திகா: பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியலில் பிஎச்.டி. முடிக்கப் போகிறேன், தலைப்பு கழிமுகத்து டையட்டம். துருவ அனுபவம் இல்லை. விண்ணப்பித்தால் எடுப்பார்களா அக்கா?

எடுப்பார்கள் கார்த்திகா. விளம்பரத்தில் "தேவை" என்பதையும் "இருந்தால் நல்லது" என்பதையும் பிரித்துப் படியுங்கள். துருவ அனுபவம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். டையட்டத்தை நுண்ணோக்கியில் இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் இப்போது அரிது. மரபணுத் தரவு வந்த பிறகு அந்தத் திறமை குறைந்துகொண்டே போகிறது. உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் அதைச் சொல்லுங்கள். "சிறுவயதிலிருந்தே பனிக்கரடி மீது ஆசை" என்பதை எழுதவே வேண்டாம். அந்தக் குழுவின் கடைசி இரண்டு கட்டுரைகளைப் படித்து, அவற்றில் விடை கிடைக்காத ஒன்றை எடுத்துப் பேசுங்கள்.

விளம்பரத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஐரோப்பாவின் மரீ கியூரி போஸ்ட்டாக் நிதிக்கு நீங்களும் ஒரு குழுத்தலைவரும் சேர்ந்து திட்டம் எழுதலாம். கெடு வழக்கமாகச் செப்டம்பரில் வரும். கெடு நாளுக்குள் பட்டம் முடிந்திருக்க வேண்டும். போகப்போகும் நாட்டில் கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. குழுத்தலைவருக்கு ஏப்ரலிலேயே எழுதுங்கள். ஆகஸ்டில் எழுதினால் அவர்கள் விடுமுறையில் இருப்பார்கள்.

இந்தியாவிலும் வழி உண்டு. கோவாவில் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையமும், பக்கத்துக் கொங்ஸ்ஃபியோர்டனில் 2014 முதல் இண்டார்க் என்ற நீரடிக் கருவித்தொகுதியும் நமக்கு உண்டு.

சுதா: கைக்குழந்தை இருக்கிறது. இந்த வேலை சரிப்படுமா?

குழுவைப் பொறுத்தது. நார்வேயில் போஸ்ட்டாக் என்பது சம்பளமும் மகப்பேறு விடுப்பும் உள்ள வேலை, அந்த வகையில் நிம்மதி. கப்பல் பயணத்தை வேறொருவரிடம் விட்டு, நீங்கள் மாதிரிகளைப் பகுப்பாய்வது சகஜம். நேர்காணலிலேயே கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம். என்னைப் பயமுறுத்துவது குளிரோ கடலோ இல்லை, இரண்டு மூன்று ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து மறுபடி ஊர் மாறுவதுதான். அதற்கு வீட்டில் எல்லோரும் சம்மதித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பாலா: கப்பலில் வாந்தி வருமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

வரும். முதல் இரண்டு நாள் பெரும்பாலோருக்கு வரும், மாத்திரையைத் துறைமுகத்திலேயே போட்டுவிடுங்கள். சைவம் கிடைக்கும், முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலை நீங்களே கொண்டுபோங்கள்.